ஆயிரத்து எண்ணூறு குதிரைகளும் ஒரு ராகு காலமும்

உட்காருவது சுலபமாகத்தான் இருந்தது. ஒரு காலை உள்ளே வைத்துக் கதவின் பிடியை விட்டதும் மீதியை வண்டியே பார்த்துக்கொண்டது, வசந்தாமணி பொத்தென்று உள்ளே போய் விழுந்தாள். எழுந்திருப்பதுதான் எப்படி என்று தெரியவில்லை. தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் இருக்கை, ஐம்பத்தெட்டு வயது, தேய்ந்துபோன வலது முழங்கால், போதாததற்கு நல்ல நாளும் அதுவுமாக ஒரு பட்டுப்புடவை. இதில் இன்னொரு கூத்து வேறு. முப்பத்தைந்து வருஷமாகக் கணவரோடு காரில் போகும்போது இடது பக்கம் ஏறியே பழகிய கால்கள் இன்றைக்கும் யாரையும் கேட்காமல் இடது பக்கம் போய்விட்டன, உட்கார்ந்து கொசுவத்தைச் சரிசெய்து நிமிர்ந்தால் எதிரே ஸ்டீயரிங். வாங்க நினைப்பவர்களுக்குக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப்போக வந்திருக்கிற வெளிநாட்டு வண்டி, அதற்கு ஓட்டுகிறவர் இடம் இந்தப் பக்கம். மாறிக்கொள்ளலாம் என்றால் முதலில் இறங்க வேண்டுமே. இரண்டு பேர் வந்து, கிணற்றில் விழுந்த குடத்தை எடுப்பதுபோல எடுக்க வேண்டும். வண்டியை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த ஷெரீஃப், சென்னைக்காரர், நாற்பது வயதிருக்கும், குனிந்து பார்த்து, "ஏசி பேட்டரில ஓடுது மேடம், வெயில்ல எதுக்கு, உள்ளயே இருங்க" என்றார். அவள் ஏதோ தானே தேர்ந்தெடுத்து உட்கார்ந்ததைப்போலத் தலையசைத்தாள். கதவு மேலேயிருந்து இறங்கி மூடிக்கொண்டது. மணி பத்து முப்பத்தைந்து. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு வரைக்கும் ராகு காலம், அதுவரை என்ஜினைக் கிளப்பக் கூடாது என்று அவள் கணவர் நல்லசிவம் சொல்லிவிட்டார். நூறு கிலோமீட்டர் வேகத்தை இரண்டு புள்ளி இரண்டு செகண்டில் தொடுகிற வண்டி, பல்லடம் ரோட்டுப் பந்தயத் தடத்தில், ஒரு பாம்புக் கிரகத்துக்கு மரியாதை செய்து ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்கிறது.

இரண்டு புள்ளி இரண்டு. ஆறு மாசமாகக் காலைக் காப்பியோடு அவர் வாயால் இதைத்தான் கேட்கிறாள். இரண்டு புள்ளி இரண்டு செகண்ட், நானூற்று இருபது கிலோமீட்டர், ஆயிரத்து எண்ணூறு குதிரை. ஆசை அறுபது நாள் என்று விட்டுப் பிடித்தாள், அறுபது நூற்றெண்பதாகியும் ஆசை இறங்கவில்லை. ஆயிரத்து எண்ணூறு குதிரையை எங்கே கட்டுவது? ஒன்றுக்கு ஒரு படி என்றாலும் நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு படி கொள்ளு. அவள் வீட்டில் திங்கட்கிழமைதோறும் கொள்ளுப்பருப்பு கடைவாள், அதற்கு ஊறப்போடுவதே அரைப் படி. சிரிப்பு வந்தது, கண்ணாடிக்கு வெளியே யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்து அடக்கிக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. தூரத்தில் தகரக் கூரை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நல்லசிவம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் பார்க்கிறாரா நாடி பார்க்கிறாரா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, அந்தக் கடிகாரம் இரண்டையும் காட்டும், நடந்த அடிகளையும் காட்டும், தூங்கிய தூக்கத்தையும் காட்டும். "நீ சரின்னா வாங்கலாம் அம்மிணி, வேண்டாம்னா விட்டர்லாம்" என்று நேற்றே சொல்லிவிட்டார். அது அவர்கள் வீட்டு வழக்கம். கணபதி ஏரியாவில் பம்பு மோட்டார் பவுண்டரி தொடங்கிய நாளிலிருந்து எந்த மெஷின் வந்திறங்கினாலும் முதல் ஸ்விட்சை வசந்தாமணிதான் போட வேண்டும், அவளுக்குக் கைராசி என்று பேர். கைராசி இருக்கிறதோ இல்லையோ, மெஷின்கள் ஓடின. ஆனால் வேண்டாம் என்று இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லப்போகிறாள். காலையில் பல் துலக்கும்போதே அந்த வேண்டாம் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது, பன்னிரண்டு மணிக்குத் துப்ப வேண்டியதுதான் பாக்கி.

எதற்கு வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது, அதுதான் கொஞ்சம் இடிக்கிறது. ஆடம்பரம் என்று சொல்ல முடியாது, இந்த மனிதர் வாழ்க்கையில் ஆடம்பரமாகச் செய்தது இரண்டாவது தம்ளர் காப்பி குடித்ததுதான், அதையும் டாக்டர் நிறுத்திவிட்டார். வயசுக்குத் தகாது என்றால் பவுண்டரியில் பேரப்பிள்ளை எடுத்தவர்கள் புல்லட் ஓட்டுகிறார்கள். உண்மையான காரணம் வேறு, அதை வாய்விட்டுச் சொன்னால் அழுதுவிடுவாள். இந்த மனிதர் முன்பெல்லாம் மீட்டரைப் பார்க்கவே மாட்டார். ஓடுகிற பம்பின் தலையில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், "நல்ல மனசு இதுக்கு" என்பார், இல்லாவிட்டால் "என்னமோ கோவிச்சுட்டிருக்குது, பிரிச்சுப் பாருங்க" என்பார். பிரித்தால் பேரிங் போயிருக்கும். அப்பேர்ப்பட்ட ஆள், பத்து மாசத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிளந்து மூன்று அடைப்பைச் சரிசெய்து தைத்து அனுப்பிய பிறகு, எண்ணாகப் பேசத் தொடங்கிவிட்டார். சர்க்கரை நூற்று முப்பது. பிரஷர் நூற்று இருபதுக்கு எண்பது. இன்றைக்கு நாலாயிரத்து இருநூறு அடி. எப்படி இருக்கீங்க என்று கேட்டால் எழுபத்திரண்டு என்கிறார், நாடித்துடிப்பாம். சாம்பார் எப்படி என்றால் உப்பு ரெண்டு கிராம் இருக்கும் என்கிறார். ஆஸ்பத்திரியில் அவரை உள்ளேயே வைத்துக்கொண்டு, வெளியே ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டார்களோ என்று சில மத்தியானங்களில் அவளுக்கு நிஜமாகவே தோன்றும். இப்போது இந்த வண்டி. இதிலும் எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லையென்றால் இது வீட்டுக்கு வருகிற இன்னொரு ரிப்போர்ட், சக்கரம் வைத்த ரிப்போர்ட். எண்ணுக்கு அப்பால் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் உள்ளே உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். கறுப்புத் தோல், சிவப்பு நூல் தையல், பாம்புச் சட்டைபோல மினுமினுப்பு ஓடுகிற ஏதோ ஒரு பலகை. புது செருப்புக் கடை வாசனை. அழகுதான். ஆனால் அழகாக இருக்கிற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருக்க முடியுமா? அதைவிடு, இன்னொன்று உறுத்துகிறது. முடி வெட்டிக்கொள்ளக்கூட நாள்காட்டியைக் கிழித்துப் படிக்கிற மனிதர், வெள்ளிக்கிழமை பத்தரை என்று எப்படி நேரம் குறித்தார்?

அவருக்கு நெஞ்சு வலி வந்த அன்றைக்கும் காலை நேரம்தான். செவ்வாய்க்கிழமை, எட்டேகால், தட்டில் இரண்டு இட்லி. ஒரு இட்லியைப் பிட்டவர் பிட்டபடியே நின்றார், பிறகு, "அம்மிணி, சித்த இங்க வா" என்றார், அவ்வளவுதான், அந்தக் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டிரைவர் அன்றைக்குப் பார்த்து லீவு. அவள் காய்கறிக் கடைக்கு ஓட்டிப்போகிற சின்ன ஆட்டோமேட்டிக் காரில் அவரை இடது பக்கம் உட்காரவைத்து அவிநாசி ரோட்டில் இறங்கினாள். மேம்பால வேலை, ரோட்டின் நடுவே தூண், தூணுக்குத் தூண் தடுப்பு, பள்ளிக்கூட பஸ்கள். எவ்வளவு வேகத்தில் போனாள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம் எதிரே நின்ற பஸ்ஸின் பின்பக்கம், பக்கத்தில் கண்ணாடியில் சாய்ந்த அவருடைய தலை, மறுபடி பஸ். இந்த வண்டி அன்றைக்கு இருந்திருந்தால்? இருந்திருந்தால் இதுவும் அதே பஸ்ஸுக்குப் பின்னால் அதே இருபதில் உருண்டிருக்கும், ஆயிரத்து எண்ணூறு குதிரையும் கனைத்துக்கொண்டு. கடைசியில் ஒரு டிராபிக் போலீஸ்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து தடுப்பை நகர்த்தி வழிவிட்டார். அவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்து, அந்த இடம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறாள், எப்படிச் சொல்வது. வேண்டாம், அங்கே போகாதே மனசே. ஏசி காற்று நெற்றியில் பட்டது. மணி பதினொன்று ஐந்து. பத்தரைக்கு வரச் சொன்னது யார்? ஷெரீஃபாக இருக்குமோ? அவருக்கு ராகுவாவது கேதுவாவது. ஆனால் போனில் நேரம் பேசியது இவர்தான், அவள் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், "வெள்ளிக்கிழமை பத்தரைங்க, கரெக்டா பத்தரை" என்று இவர்தான் சொன்னார்.

வேகத்தில் மட்டும் என்ன இருக்கிறது என்றும் முழுசாகச் சொல்லிவிட முடியாது. அவளுடைய அண்ணன் ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு மாடு வைத்திருக்கிறார். உழவுக்கு ஆகாது, பாரம் இழுக்காது, வருஷத்துக்கு நாலைந்து தடவை இருநூறு மீட்டர் ஓடும், அவ்வளவுதான் அதன் உத்தியோகம். அதற்குப் பருத்திக்கொட்டை என்ன, பேரீச்சம்பழம் என்ன, நீச்சல் பயிற்சி என்ன! அண்ணி ஒருநாள், அடுத்த பிறவியில் நான் இந்த வீட்டில் மாடாகப் பிறக்கிறேன் என்றாள். அந்தப் பந்தயத்திலும் எண்தான் ஜெயிக்கிறது, செகண்டுக்குக் கீழே புள்ளி வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் சாயங்காலம் டீக்கடையில் யாராவது அந்தப் புள்ளியைப் பேசுகிறார்களா? காது விறைத்து நின்றதைப் பேசுகிறார்கள், கோட்டைத் தாண்டியும் நிற்காமல் சோளக்காட்டுக்குள் போனதைப் பேசுகிறார்கள். போன தை மாசம் அண்ணன் மாடு தோற்றுப்போனது. தோற்ற மாட்டின் நெற்றியில் முத்தம் கொடுத்து, அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டு ஆறடி ஆள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எண்ணில் தோற்றதற்கு முத்தம் எதற்கு? அப்படியானால் எண்ணைத் தாண்டி ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மாடு, உயிர் இருக்கிறது, இது இரும்பு. இரும்புகூட இல்லையாம், ஏதோ கரி இழையாம். கரி இழைக்கு முத்தம் கொடுப்பார்களா? ஆள் பார்க்காத நேரமாகப் பார்த்து வசந்தாமணி ஸ்டீயரிங்கை ஒரு விரலால் தொட்டாள். குளிர்ந்திருந்தது. இரண்டு விரலால் தொட்டாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தான் ஒன்றும் செய்யவில்லை என்பதுபோல எதிரே பார்த்தாள்.

ஷெரீஃப் இளநீர் கொண்டுவந்து கதவைத் தூக்கினார். வெயில் உள்ளே விழுந்தது. ஒருவாய் குடித்துவிட்டு, கேட்டே விடுவோம் என்று கேட்டாள். "ஏனுங்க, நீங்க இத்தன நாளா இதக் கூட்டிட்டுச் சுத்தறீங்க. நெம்பரை விட்டுப்போட்டுச் சொல்லுங்க. இந்த வண்டில வேற என்ன இருக்குதுங்க?" ஷெரீஃப் வாயைத் திறந்தார், ஆயிரத்து எண்ணூறு என்று தொடங்கப்போகிறவர் மாதிரி, மூடினார். கதவுக்கு அடியிலேயே குந்தி உட்கார்ந்தார். "உண்மையச் சொல்லவா மேடம்? அந்த ஸ்பீடெல்லாம் மொத வாரம்தான் ஆச்சரியம். அப்புறம் பழகிப்போயிடும். ஆனா காலையில கவர எடுக்கிறப்போ, டெய்லி, குட் மார்னிங் சொல்றேன். சத்தமாவே சொல்றேன். என் ஒய்ஃபுக்குக்கூட சொன்னதில்ல. ஏன்னு தெரியல." சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். "சாயங்காலம் போன் பண்ணி ஊட்டுக்காரம்மாளுக்கும் ஒரு குட் ஈவினிங் சொல்லிப்போடுங்க" என்றாள் வசந்தாமணி. இருவரும் சிரித்தார்கள். அவர் போன பிறகும் அந்த குட் மார்னிங் உள்ளேயே இருந்தது. அது எந்த மீட்டரில் வரும்? வாயிலிருந்த வேண்டாம் கொஞ்சம் இளகினாற்போலத் தெரிந்தது, கடித்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு சென்னைக்காரரின் குட் மார்னிங்குக்காக முடிவை மாற்ற முடியுமா? இவருக்குத் தோன்ற வேண்டுமே, இந்த நாடி எழுபத்திரண்டுக்கு.

பதினொன்று நாற்பதுக்கு நல்லசிவமே வந்து வலது பக்கக் கதவைத் தூக்கச்சொல்லி, குனிந்து, வளைந்து, முனகி, அவரும் பொத்தென்று விழுந்தார். இரண்டு பேரும் எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தடம் வெயிலில் நீளமாகக் கிடந்தது. "நீ ஏன் அந்தப் பக்கம் உக்காந்திருக்கற?" என்றார். "தெரியாம உக்காந்துட்டனுங்க. இப்ப எந்திரிக்க முடியில." வழக்கமாக இதற்குச் சிரித்திருப்பார். சிரிக்கவில்லை. அவருடைய கை தொடைமேல் இருந்தது, விரல்கள் வேட்டிக் கரையைச் சுருட்டிச் சுருட்டி விட்டன. அவள் கேட்டாள், "ஏனுங்க, ராகு காலத்துல வரச் சொன்னது நீங்கதானுங்களே?" "ஆமா." "தெரிஞ்சேவா?" "தெரிஞ்சேதான். ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகுமல்லொ." பிறகு, தடத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு மூச்சில் சொன்னார். "பயம் அம்மிணி. ஆப்பரேசன் பண்ணுனதுல இருந்து ஸ்டீரிங்கையே தொடுல நானு, பாத்திருப்பியே, பின்னாடி சீட்டுலயே உக்காந்துட்டுப் போறன். மாடிப்படி ஏறறப்பக்கூட உள்ள என்னமோ அந்துபோயிருமோன்னு இருக்குது. நெம்பரச் சொல்லிட்டே இருந்தா அந்தப் பயம் வர்றதில்ல. சுகரு, பிரசரு, நடை. அதெல்லாம் சலிச்சுப்போச்சு, அப்பத்தான் இந்த வண்டி நெம்பரப் புடிச்சன். இத வாங்கி நிறுத்திட்டா நாமளும் பயப்படாத ஆளாயிருவம்னு ஒரு நெனப்பு. இப்பக் கிட்டக்க வந்து பாத்தா…" முடிக்கவில்லை. வசந்தாமணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பத்து மாசம்! பத்து மாசமாக ஒரே கூரையின் கீழ் இதை மறைத்துக்கொண்டு எழுபத்திரண்டு எழுபத்திரண்டு என்று சொல்லியிருக்கிறார், அவளும் அதைக் கேட்டு, மனுஷன் வற்றிப்போய்விட்டார், எண்ணாகிப்போய்விட்டார் என்று தனியாக உட்கார்ந்து பொருமியிருக்கிறாள். அவர் எங்கேயும் போகவில்லை. எண்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இங்கேயேதான் இருந்திருக்கிறார். கோபம் போய், என்ன இது, சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் பயந்தானுங்க" என்றாள். "அவிநாசி ரோட்டுல அந்தத் தூணு வந்தா இன்னிக்கும் கண்ண மூடிக்கறன்." "கண்ண மூடிட்டா ஓட்டறே?" என்றார் அவர். "டிரைவர் ஓட்டறப்பங்க!" அப்போது சிரித்தார், சின்னதாக, மூக்கால்.

பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷம் கூடுதலாகக் கழித்து, ராகு நன்றாக நகர்ந்துவிட்டதை உறுதிசெய்துகொண்டு, ஷெரீஃபைக் கூப்பிட்டாள். முதல் சுற்று தானே ஓட்டுவதாகச் சொன்னதும் அவர் விழித்தார், லைசென்ஸ் கேட்டார், பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். மழைக்காலத்துக்கு என்று இருக்கிற சாதுவான நிலையில் வைத்துக் கொடுத்து, இது பிரேக், இது ஆக்ஸிலரேட்டர், ரெண்டையும் பச்சக் குழந்தையத் தொடுற மாதிரி மிதிங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கினார். பொத்தானை அழுத்தினாள். முதுகுக்குப் பின்னால், மிக அருகில், ஏதோ விழித்துக்கொண்டது. சத்தம் என்று சொல்லிவிட முடியாது, காதுக்கு முன்பு அது முதுகெலும்புக்குத்தான் கேட்டது, அடிவயிற்றில் இறங்கியது, வளையல்கள் தாமாகக் கிணுகிணுத்தன. ஐயோ, என்றாள். வாய் விரிந்து சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே தோன்றவில்லை. இரும்போ கரி இழையோ, இது ஏதோ கேட்கிறது, போலாமா போலாமா என்று கேட்கிறது, சரி போலாம் என்று அவள் பாதத்தை ஒரு எள்ளளவு அழுத்தினாள், தடம் அவளை நோக்கி வந்தது. முதல் வளைவில் புளியமரங்கள் பக்கவாட்டில் சாய்ந்து போயின, கையில் இருந்த ஸ்டீயரிங் வழியாகத் தரையின் ஒவ்வொரு சிறு பொருக்கும் உள்ளங்கைக்கு வந்து பேசியது, இத்தனை வருஷம் தரை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் அதன்மேல் போயிருக்கிறாள், காற்று, வெயில், நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது, அடிக்கட்டும், அதற்கு ஒரு கடிகாரம் வேண்டாம். பறக்கிறோம் என்று நினைத்தாள். நிச்சயம் இருநூறு இருக்கும் என்று நினைத்தாள். "மெதுவா அம்மிணி, மெதுவா!" என்று நல்லசிவம் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். எதிரே ஒளிர்ந்த எண்ணை அப்போதுதான் பார்த்தாள். அறுபத்திரண்டு. ஈரோடு போகும்போது டிரைவர் தொண்ணூறில் ஓட்டுவார், அவள் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டு போவாள். அறுபத்திரண்டுக்கா இந்தப் பாடு? அவரிடம் சொன்னாள். அவர் குனிந்து பார்த்தார், நம்பாமல் இன்னொருமுறை பார்த்தார். "நானூறுன்னு நெனச்சனே!" என்றார்.

சுற்று முடிந்து நிறுத்தினாள். ஷெரீஃபும் லாரிக்காரரும் ஆளுக்கொரு கை கொடுத்து அவளை வெளியே இழுத்தார்கள், வந்தாள், புடவைத் தலைப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டது, அதை எடுக்கக் குனிந்தவள் மறுபடி விழப் பார்த்தாள். அவரையும் அதேபோல இழுத்தார்கள். வண்டியைச் சுற்றி நடந்து வந்து இந்தப் பக்கம் நின்றவர் உட்காராமல் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வியர்வை. "இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமா அம்மிணி?" என்றார். அவள் அதற்குள் மறுபக்கம் போய்த் தன் பங்குக்குப் பொத்தென்று விழுந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறவும் பொறுத்தாச்சுங்க. உக்காருங்க. நா பக்கத்துலதான இருக்கறன்." உட்கார்ந்தார். அவருடைய பாதம் பிரேக்கை விட்டு நகராமலே இருப்பதை அவள் பார்த்தாள், பார்க்காததுபோல எதிரே பார்த்தாள். வண்டி நடந்தது, உண்மையிலேயே நடந்தது, பக்கத்தில் ஒரு ஆள் நடந்தால் முந்திவிடுவான். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. நேர் தடம் தொடங்குகிற இடத்தில் அவர் தோள்கள் இறங்கின. பின்னால் இருந்த அந்த உறுமல் ஒரு படி ஏறியது, இன்னொரு படி ஏறியது, அவள் எண்ணைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் முதல் பம்பு தண்ணீர் தள்ளியபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு இல்லை. வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், வா சாமி, வா கண்ணு, அப்படித்தான், அப்படித்தான், யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது. மூன்று சுற்றானது, நாலானது, நிறுத்துவதாகக் காணோம், தடத்தோரம் ஷெரீஃப் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி ஓய்ந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது சுற்றில் வசந்தாமணிக்கு, வாங்கலாமா என்று நேற்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே இருக்கிறோமே என்று நினைவு வந்தது. வாயில் துழாவிப் பார்த்தாள். காலையிலிருந்து வைத்திருந்த வேண்டாம் அங்கே இல்லை. உறுமலை மீறி, "சரீங்க! வாங்கிக்கலாமுங்க!" என்று கத்தினாள். நல்லசிவம் தடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அடுத்த வளைவுக்கு ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே, நிஜமாகவே புரியாமல் உச்சக் குரலில் கேட்டார்:

"வாங்கறதா? என்னத்த அம்மிணி வாங்கறது?"